தாய்லாந்துத் துணையை வெளிநாட்டில் மணக்கிறீர்களா? காகித வேலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்களுக்குக் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் வரைக்கும் தாய்லாந்து அரசின் கணக்கில் என் மனைவி திருமணமாகாதவர். சார்பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டாயிற்று, மாலை மாற்றியாயிற்று, மாமியார் வீட்டில் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி ஆசீர்வாதமும் வாங்கியாயிற்று. ஆனாலும் அவருடைய ஊர்ப் பதிவகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. பிழை அவர்களுடையது அல்ல. நாங்கள் போய்ச் சொல்லவே இல்லை. தாய்லாந்தில் தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்கப் போன அன்று, “இந்தியச் சான்றிதழ் இருக்கட்டும், இங்கே செய்த பதிவு எங்கே?” என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் விஷயமே புரிந்தது.

அதற்குப் பிறகு அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். தாய்லாந்துக்கு வெளியே, இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ வேறு எங்கேயோ, தாய்லாந்துக் குடிமகளையோ குடிமகனையோ பதிவுத் திருமணம் செய்யப் போகிறவர்களுக்கு இது. தாய்லாந்துக்கே போய் அங்குள்ள அலுவலகத்தில் பதிவு செய்கிறவர்களின் பாதை வேறு.

காகிதம் இரண்டு முறை பயணம் செய்கிறது

இந்த வேலை முழுவதையும் இரண்டு பயணங்களாகப் பார்த்தால் குழப்பம் குறையும். முதல் பயணத்தில் ‘இவர் மணமாகாதவர்’ என்ற சான்று தாய்லாந்திலிருந்து வெளியே வருகிறது. இரண்டாவது பயணத்தில் ‘இவர் மணமானவர்’ என்ற சான்று தாய்லாந்துக்குள் திரும்பிப் போகிறது. முதல் பயணம் இல்லாமல் கல்யாணமே நடக்காது என்பதால் அதை எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள். இரண்டாவதைத்தான் எங்களைப் போல மறந்துவிடுகிறார்கள்.

திருமணம் செல்லுமா என்பதில் சந்தேகம் வேண்டாம். தாய்லாந்தின் சிவில் மற்றும் வணிகச் சட்டத்தொகுப்பின் 1459-வது பிரிவு, வெளிநாட்டில் நடக்கும் திருமணத்தை அந்த நாட்டுச் சட்டப்படியும் செய்யலாம், தாய்லாந்துச் சட்டப்படியும் செய்யலாம் என்கிறது. தாய்லாந்துச் சட்டப்படி என்றால் அந்த நாட்டிலுள்ள தாய்லாந்துத் தூதரக அதிகாரிதான் பதிவாளர். ஆக, சென்னையில் இந்தியச் சட்டப்படி நடந்த கல்யாணம் நடந்த நாளிலிருந்தே கல்யாணம்தான். ஊர்ப் பதிவகத்தில் பின்னால் செய்வது அதைக் குறித்து வைக்கிற வேலை மட்டுமே. ஆனால் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடையாள அட்டை, குடும்பப்பெயர், விசா, சொத்து என்று ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டிவரும்.

சிலர் இதற்குக் குறுக்குவழியாக, இங்கே ஒரு கல்யாணம் பதிவு செய்துவிட்டு, தாய்லாந்துக்குப் போய் மறுபடி ‘புதிதாக’ ஒன்றைப் பதிவு செய்யலாம் என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம். அங்கே பதிவு செய்யும்போது ‘எனக்கு ஏற்கெனவே மணமாகவில்லை’ என்று அதிகாரி முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். அது பொய். அதோடு ஒரே தம்பதிக்கு இரண்டு கல்யாணத் தேதி இருந்தால் பிற்பாடு எந்த விசா அதிகாரிக்கு எதைக் காட்டுவது?

படி 1: யார் மணக்கலாம் என்பதை முதலில் பாருங்கள்

தாய்லாந்தில் திருமண வயது முன்பு 17. சமத் திருமணச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அது 18 ஆனது. அதே சட்டத்தால் ஒருபால் தம்பதிகளும் இப்போது தாய்லாந்தில் முழு உரிமையோடு பதிவு செய்யலாம். ஆனால் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஒருபால் திருமணத்துக்குச் சட்ட இடமில்லை. அப்படிப்பட்ட தம்பதிகள் தாய்லாந்திலேயே பதிவு செய்துகொள்வதுதான் நேரான வழி.

துணைக்கு ஏற்கெனவே ஒரு திருமணம் நடந்து முடிந்திருந்தால் கவனம். விவாகரத்தான அல்லது கணவரை இழந்த பெண், அந்த நாளிலிருந்து 310 நாள் கழியாமல் இன்னொரு ஆணை மணக்கக் கூடாது என்பது தாய்லாந்துச் சட்டம். வரப்போகும் குழந்தையின் தகப்பன் யார் என்ற குழப்பத்தைத் தவிர்க்க வந்த பழைய விதி இது. இடையில் குழந்தை பிறந்திருந்தாலோ, கர்ப்பம் இல்லை என்று மருத்துவச் சான்று இருந்தாலோ, நீதிமன்றம் அனுமதித்தாலோ, பழைய கணவரையே மறுபடி மணந்தாலோ அந்தக் காத்திருப்பு தேவையில்லை. விவாகரத்துச் சான்றை கோ ரோ 7 என்பார்கள். அதன் அசல் கையில் இருக்க வேண்டும். துணை இறந்துபோயிருந்தால் இறப்புச் சான்று.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுவிடுங்கள்: “உன் பெயரை எப்போதாவது மாற்றியிருக்கிறாயா?” நம்மூர் ஆட்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். தாய்லாந்தில் அதிர்ஷ்டத்துக்காக, ஜோசியர் சொன்னார் என்பதற்காகப் பெயர் மாற்றிக்கொள்வது சர்வசாதாரணம். ஊரே ‘நோய்’, ‘லெக்’ என்று கூப்பிடும் பெயர் சான்றிதழில் இருக்கவே இருக்காது. இப்போதைய அடையாள அட்டையில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்குமென்று நிச்சயமில்லை. ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் ஒரு சான்று உண்டு. அவை எல்லாமே வேண்டும், மொழிபெயர்ப்போடு.

சொத்து இருப்பவர்கள் மணத்துக்கு முந்தைய ஒப்பந்தம் பற்றி வழக்கறிஞரிடம் பேச வேண்டிய நேரமும் இதுதான். தாய்லாந்துச் சட்டத்தில் அத்தகைய ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டு, திருமணப் பதிவின்போதே பதிவேட்டில் சேர்க்கப்பட வேண்டும். கல்யாணம் முடிந்த பிறகு ஒட்டவைக்க முடியாது. வெளிநாட்டுச் சட்டப்படி மணக்கும்போது இந்த ஒப்பந்தம் எந்தச் சட்டத்தில் நிற்கும் என்பது தனிச் சிக்கல். அதில் நான் தலையிட மாட்டேன். காசு கொடுத்து ஆலோசனை கேளுங்கள்.

படி 2: எந்த நாடு, எந்தச் சட்டம்

தாய்லாந்துத் தூதரகத்திலேயே பதிவு செய்தால் அவர்களுடைய திருமணச் சான்றான கோ ரோ 3 நேராகக் கைக்கு வரும், திரும்பும் பயணமே தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருக்கும் நாடு அந்தத் திருமணத்தை ஏற்குமா? சிங்கப்பூரின் மகளிர் சாசனம், அங்கே நடக்கும் திருமணம் அங்கு அதிகாரம் பெற்றவர் முன்னால், உரிய உரிமத்தோடு நடந்தால்தான் செல்லும் என்கிறது. பல நாடுகளில் இதே கதைதான். நீங்கள் குடியிருக்கும் நாட்டில் மனைவிக்கு விசா வாங்க வேண்டுமென்றால் அந்த நாட்டுச் சான்றிதழ்தான் உதவும். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு உள்ளூர்ச் சட்டப்படி மணப்பதே சரி.

இந்தியாவில் 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் கேள்விக்கு இடமில்லாத வழி. ஒருவர் வெளிநாட்டவராக இருந்தாலும், மதம் வேறாக இருந்தாலும் அதில் தடையில்லை. கோயிலில் தாலி கட்டியதற்கான ரசீதும் கல்யாண ஆல்பமும் குடும்பத்துக்கு நல்ல நினைவு. தாய்லாந்து அலுவலகத்துக்கு அரசுப் பதிவுச் சான்று மட்டுமே காகிதம்.

இருவருக்கும் வசதியான நாடு அமையாவிட்டால் மூன்றாவது நாட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. ஹாங்காங்கில் குடியிருப்பு நிபந்தனை கிடையாது. அறிவிப்புக் கொடுத்து குறைந்தது 15 நாள் கழித்து, 3 மாதத்துக்குள் மணக்கலாம். ஐரோப்பாவில் டென்மார்க் இதற்குப் பேர்போனது.

எந்த நாடாக இருந்தாலும், அங்குள்ள பதிவாளரிடம் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. தாய்லாந்துக்காரரிடம் என்னென்ன காகிதம் வேண்டும், அவற்றில் யாருடைய முத்திரை இருக்க வேண்டும், எத்தனை மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனி போன்ற நாடுகள் ஊர் அலுவலகச் சான்றோடு பாங்காக்கின் மையப் பதிவகச் சான்றையும் கேட்கும். வேறு சில நாடுகளுக்கு ஒரு உறுதிமொழியே போதும். இதைக் கேட்காமல் தாய்லாந்து வேலையை ஆரம்பித்தால் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

படி 3: ஊர் அலுவலகத்தில் மணமாகாதவர் சான்று

தாய்லாந்தில் மாவட்ட அலுவலகத்தை ‘அம்பெ’ என்பார்கள். முதல் தடவை கேட்டபோது என் காதில் ஆம்பூர் என்றே விழுந்தது. பாங்காக்கில் அதற்குப் பெயர் ‘கெட்’. பிறப்பு, இறப்பு, கல்யாணம், வீட்டுப் பதிவு எல்லாம் அங்கேதான். துணையின் பெயர் எந்த ஊர் வீட்டுப் பதிவேட்டில் இருக்கிறதோ அந்த ஊர் அம்பெவுக்குப் போக வேண்டும்.

வீட்டுப் பதிவேட்டை ‘தபியன் பான்’ என்கிறார்கள். நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம், நம்ம குடும்ப அட்டை மாதிரி ஆனால் அதைவிடப் பலமடங்கு கனமான ஆவணம். அதையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போனால் திருமண நிலைச் சான்று தருவார்கள். சில இடங்களில் உறவினரோ ஊர்க்காரரோ இருவர் சாட்சியாக வந்து ‘இவருக்கு மணமாகவில்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கும். எதற்கும் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கட்டணம் பெயரளவுக்குத்தான்.

துணை ஏற்கெனவே வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், ஊருக்குப் போக முடியாது என்றால் வழி உண்டு. அங்குள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி, தூதரகச் சான்றோடு ஊரிலிருக்கும் நம்பிக்கையான உறவினருக்கு அனுப்பலாம். என்னென்ன வாங்கிவர அதிகாரம் தருகிறோம் என்பதைப் பத்திரத்தில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். ‘மணமாகாதவர் சான்று’ என்று மட்டும் எழுதினால் பிறப்புச் சான்றின் நகலைத் தர மாட்டார்கள்.

இந்தச் சான்றுக்கு ஆயுள் குறைவு. மூன்று மாதம் அல்லது ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஆகவே கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்கப்புறம் அம்பெவுக்குப் போங்கள். பிறப்புச் சான்று, பெயர் மாற்றச் சான்று போன்றவை பழசானாலும் பரவாயில்லை. அவற்றை முன்கூட்டியே முடித்துவைக்கலாம்.

படி 4: மொழிபெயர்ப்பு, அதாவது ஒரே ஒரு எழுத்து

“தாய் மொழியிலிருந்து மொழிபெயர்க்க வேண்டும்” என்று நான் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து அப்பா, “ஏன், தமிழில் என்ன தப்பு?” என்று கேட்டார். சிரிப்புக்குரிய விஷயம்தான். ஆனால் இந்த வேலையில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதல் சிக்கல், பெயரின் எழுத்துக்கூட்டல். ஒரே தாய்லாந்துப் பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். மொழிபெயர்ப்பாளர் அவருக்குத் தோன்றியபடி எழுதுவார். உங்களுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. அம்மா, அப்பா பெயருக்கும் இதே விதி. அவர்களுக்குக் கடவுச்சீட்டு இல்லையென்றால் அடையாள அட்டையில் இருக்கும் ஆங்கில எழுத்தைப் பின்பற்றுங்கள். ஒரு தாளில் பெயர்களை எல்லாம் எழுதி, மொழிபெயர்ப்பாளரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆண்டு. தாய்லாந்து ஆவணங்களில் பௌத்த ஆண்டு இருக்கும். அதிலிருந்து 543 கழிக்க வேண்டும். 2535 என்றால் 1992. எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒரு காகிதத்தில் 1992 என்றும் இன்னொன்றில் 1993 என்றும் போட்டிருந்தார். என் மனைவிக்கு ஒரே வாரத்தில் இரண்டு பிறந்த வருடம். மூன்று முறை படித்த நானும் அதைக் கவனிக்கவில்லை, முத்திரை போடும் கவுன்டரில் இருந்த பெண்தான் பார்த்தார். இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பழகிய பௌத்த ஆண்டு தாய்லாந்துக் கணக்கைவிட ஒன்று கூடுதல். மனக்கணக்கை நம்பாதீர்கள்.

மூன்றாவது சிக்கல் நம்முடையது. தாய்லாந்துப் படிவங்களில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். தமிழர்களில் பாதிப் பேருக்கு இரண்டாவது கட்டத்தில் போட ஒன்றுமில்லை. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலி, அல்லது அப்பா பெயர், அல்லது விரித்து எழுதிய இனிஷியல். எதுவாக இருந்தாலும் எல்லாக் காகிதத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே வரட்டும். திருமணப் பதிவில் ‘கே. செந்தில்’ என்றும் கடவுச்சீட்டில் ‘செந்தில் கந்தசாமி’ என்றும் இருந்தால், தாய்லாந்து அதிகாரிக்கு அது இரண்டு வேறு ஆட்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. முடிந்தால் கல்யாணத்துக்கு முன்பே கடவுச்சீட்டைச் சரி செய்துகொள்ளுங்கள்.

படி 5: பாங்காக்கில் முத்திரை

தாய்லாந்து வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறை பாங்காக்கின் லக்சி பகுதியில், சேங் வத்தனா சாலையில் இருக்கிறது. ஆவணங்களைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் பிரிவும் அங்கேதான். சியாங் மாய், உபோன் ராட்சதானி, சொங்க்லா போன்ற இடங்களில் கிளைகள் உண்டு. மொழிபெயர்ப்பை அவர்கள் அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிழை இருந்தால் சுழித்துத் திருப்பித் தருவார்கள். அடிக்கடி தேவைப்படும் ஆவணங்களுக்கு மாதிரி மொழிபெயர்ப்புப் படிவங்களைத் துறையின் இணையதளத்திலேயே வைத்திருக்கிறார்கள், அந்த வாசகத்தையே பயன்படுத்தினால் திருப்பி அனுப்பும் வாய்ப்பு குறைவு. சாதாரணச் சேவைக்கு ஒரு முத்திரைக்கு 200 பாட், அன்றே வேண்டுமென்றால் 400 பாட் என்பது பல காலமாக இருந்துவரும் கட்டணம். முன்பதிவை ஆன்லைனில் செய்துவிட்டுப் போங்கள்.

அதன்பின், நீங்கள் மணக்கப்போகும் நாட்டின் பாங்காக் தூதரகம் அந்த அமைச்சக முத்திரையைச் சான்றளிக்க வேண்டியிருக்கும். சில நாடுகள் இதைக் கேட்பதில்லை; படி 2-ல் கேட்ட கேள்விக்கு வந்த பதிலைப் பாருங்கள்.

இந்த முத்திரைச் சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் எங்கேயும் தடுமாற மாட்டீர்கள். ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு முந்தைய கையெழுத்துக்கு மட்டுமே பொறுப்பு. அம்பெ அதிகாரியின் கையெழுத்தை அமைச்சகத்துக்குத் தெரியும். அமைச்சகத்தின் கையெழுத்தைத் தூதரகத்துக்குத் தெரியும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்தவருக்கு யாரையும் அடையாளம் தெரியாது. அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கிடையே இந்தச் சங்கிலி ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே முத்திரையில் முடிந்துவிடும். அது இந்தியாவில் 2005-லும் சிங்கப்பூரில் 2021-லும் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து நெடுங்காலமாக அதற்கு வெளியே இருந்துவந்த நாடு. வேலையை ஆரம்பிக்கும் நாளில் நிலைமை மாறியிருக்கிறதா என்று தூதரகத்தில் கேட்டுவிட்டு, மாறவில்லை என்றால் அப்போஸ்டில் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

படி 6: கல்யாணம்

இந்தியாவில் என்றால்: இருவரில் ஒருவராவது தொடர்ந்து 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது பதிவுத் துறையின் அலுவலகம். விண்ணப்பத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் ஆரம்பிக்கலாம். அறிவிப்பு 30 நாள் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும், அதற்குள் யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் கல்யாணம் செய்யலாம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து 3 மாதம் தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது. கையெழுத்துப் போட மூன்று சாட்சிகள் வேண்டும். இரண்டு பேரோடு போய் நின்று, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கெஞ்சிக் கூட்டிவந்த ஜோடியை நான் பார்த்திருக்கிறேன்.

விசா கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பில் இருவரும் கையெழுத்திட வேண்டும், கல்யாண நாளிலும் இருவரும் இருக்க வேண்டும், நடுவில் 30 நாள். துணை 30 நாள் சுற்றுலா விசாவில் வந்தால் காலம் போதாது. நீண்ட காலம் செல்லும், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஆட்சேபணை இல்லை என்று தாய்லாந்துத் தூதரகத்தின் கடிதத்தைப் பதிவு அலுவலகம் கேட்கக்கூடும். சென்னையில் தாய்லாந்தின் துணைத் தூதரகம் இருக்கிறது. அம்பெ கொடுத்த மணமாகாதவர் சான்றோடு முன்கூட்டியே போய் விசாரியுங்கள்.

சிங்கப்பூரில் என்றால்: திருமணப் பதிவகத்தில் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் கழித்து, 3 மாதத்துக்குள் மணக்க வேண்டும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள். துணை வேலை அனுமதி அட்டையில் இருப்பவர், நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன் அல்லது நிரந்தரவாசி என்றால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் கட்டாயம். முன்பு எப்போதோ அந்த அனுமதியில் வேலை பார்த்துவிட்டுப் போனவராக இருந்தாலும் இது பொருந்தும். ஒப்புதல் இல்லாமல் வேறு நாட்டில் போய் மணந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் விதி. கல்யாணத்துக்கு முன்பே குடிநுழைவு ஆணையத்தில் நீண்டகால வருகை அனுமதிக்கான முன் மதிப்பீடு கேட்கும் வசதியும் உண்டு. இருவரும் முஸ்லிம்கள் என்றால் பதிவகமே வேறு.

சான்றிதழ் கைக்கு வந்ததும் செய்யக் கூடாத ஒரு காரியம்: லேமினேட். நம்மூரில் எந்தச் சான்றிதழ் வந்தாலும் முதல் வேலையாக அதைத்தான் செய்வோம். இதன் பின்பக்கத்தில் இன்னும் நாலைந்து முத்திரை விழ வேண்டியிருக்கிறது. அதோடு, சான்றளித்த நகல்கள் இரண்டு மூன்று அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 7: திரும்பும் பயணம்

இனி அதே சங்கிலி, எதிர்த் திசையில். இந்தியச் சான்றிதழ் என்றால் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், பிறகு தாய்லாந்துத் தூதரகம் அல்லது துணைத் தூதரகத்தின் முத்திரை. அமைச்சகத்துக்கு அனுப்பும் முகவரிடம் ‘தாய்லாந்துக்கு, சாதாரணச் சான்றொப்பம்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் அப்போஸ்டில் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பூர்ச் சான்றிதழ் என்றால் பதிவகத்தின் சான்றளித்த நகல், சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் சான்று, அப்புறம் ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள தாய்லாந்துத் தூதரகம்.

அதற்குப் பின் சான்றிதழைத் தாய்லாந்து மொழிக்கு மாற்றி, மறுபடியும் சேங் வத்தனா. இங்கே உங்கள் பெயர் முதன்முறையாகத் தாய்லாந்து எழுத்தில் ஏறுகிறது. இப்போது எப்படி எழுதுகிறார்களோ அதுதான் இனி எல்லா இடத்திலும். அந்த மொழியில் சொல்லின் கடைசியில் வரும் ‘ல்’, ‘ர்’ இரண்டும் ‘ன்’ ஆக ஒலிக்கும், ‘ஸ்’ வந்தால் ‘த்’ ஆகும். குமார் அங்கே குமான், கோபால் கோபான். அது உச்சரிப்பு, அதற்காக வருத்தப்பட வேண்டாம். எழுத்தில் சரியாக இருக்கிறதா என்று மனைவியைப் படிக்கச் சொல்லி, கடவுச்சீட்டின் மொழிபெயர்ப்பிலும் அதே எழுத்துதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 8: கோ ரோ 22

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அம்பெவுக்கு. வெளிநாட்டில் நடந்த திருமணத்தைக் குடும்ப நிலைப் பதிவேட்டில் குறிக்கும் ஆவணத்துக்கு கோ ரோ 22 என்று பெயர். விண்ணப்பிப்பவர் தாய்லாந்துக் குடிமகள் அல்லது குடிமகன். அவரது அடையாள அட்டை, தபியன் பான், முத்திரைகளோடு கூடிய அசல் திருமணச் சான்று, அதன் சான்றளித்த மொழிபெயர்ப்பு, உங்கள் கடவுச்சீட்டு நகலும் மொழிபெயர்ப்பும், இரண்டு சாட்சிகள் என்று தயாராகப் போங்கள். நீங்களும் கூடவே போவது நல்லது. சில அலுவலகங்கள் உங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்பார்கள், சில கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

பெயர் பதிவான ஊரின் அம்பெவுக்கே போங்கள். சின்ன ஊர் அலுவலகங்களில் கோ ரோ 22 எப்போதாவது ஒரு முறைதான் வரும். எங்கள் அலுவலர் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து மேசையிடம் இரண்டு முறை கேட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து முடித்துக் கொடுத்தார். அவசரப்படுத்தவில்லை, காலையிலேயே போயிருந்தோம், அதுதான் காப்பாற்றியது. காத்திருந்த நேரத்தில் சுவரிலிருந்த பலகையை மனைவி எழுத்துக்கூட்டிக் காட்டினார். திருமணத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘சொம்ரொத்’. எழுத்து எழுத்தாகப் பார்த்தால் ச, ம, ர, ஸ. நம்ம சமரசம்தான்!

படி 9: அதன்பின் மாற வேண்டியவை

குடும்பப்பெயரை மாற்றுவது கட்டாயமில்லை. கணவன் பெயரைத்தான் மனைவி எடுக்க வேண்டும் என்ற பழைய விதியை 2003-ல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது. 2008-ன் சட்டப்படி மணமான பெண் ‘நாங்’ என்று போட்டுக்கொள்ளலாம், முன்போல ‘நாங் சாவ்’ என்றே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். தமிழ்க் கணவர்களின் குடும்பப்பெயர் பெரும்பாலும் மாமனாரின் சொந்தப் பெயர் என்பதை மனைவிக்கு விளக்கிவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள். என் மனைவி சிரித்துவிட்டு, பழைய பெயரையே வைத்துக்கொண்டார். மாற்றினால் 60 நாளுக்குள் அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், அடுத்து கடவுச்சீட்டு, வங்கி, நிலப்பத்திரம். விமான டிக்கெட் பழைய பெயரில் வாங்கியிருந்தால் பயணம் முடியும்வரை கடவுச்சீட்டைத் தொடாதீர்கள்.

தாய்லாந்தில் தங்க நினைத்தால், திருமண அடிப்படையில் ஓராண்டு நீட்டிப்புக்கு கோ ரோ 22 கேட்பார்கள். அதோடு, தாய்லாந்துப் பெண்ணை மணந்த கணவர் என்றால், தாய்லாந்து வங்கிக் கணக்கில் 4 லட்சம் பாட், அல்லது மாதம் 40 ஆயிரம் பாட் வருமானம் காட்ட வேண்டும். கணக்கில் காட்டும் பணம் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அங்கே கிடக்க வேண்டும்.

நிலம் வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. வெளிநாட்டவர் பெயரில் நிலம் கிடையாது. வெளிநாட்டவரை மணந்த தாய்லாந்துக்காரர் வாங்கலாம்; ஆனால் 1999 முதல் உள்ள நடைமுறைப்படி, அந்தப் பணம் முழுக்க அவருடைய தனிச் சொத்து என்று இருவரும் சேர்ந்து நில அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்: அந்த நிலத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

துணை இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர் என்றால், பதிவான திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டு நீடித்த பிறகு ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை) விண்ணப்பிக்கலாம். அதுவரை நுழைவு விசா. விண்ணப்பத்தோடு வைக்கிற திருமணச் சான்றிலும் துணையின் கடவுச்சீட்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் குடும்பப்பெயரை மாற்றியிருந்தால் அம்பெ கொடுத்த பெயர் மாற்றச் சான்றை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கிக் கூடவே வையுங்கள். அதற்கும் மறுபடி சேங் வத்தனாதான்.